இரண்டு நானோமீட்டர் படலத்தை ஏமாறாமல் அளப்பது

அலாய் 22 என்ற நிக்கல் உலோகக்கலவையில் குரோமியம் 20 முதல் 22.5 விழுக்காடு. மாலிப்டினம் 12.5 முதல் 14.5, டங்ஸ்டன் 2.5 முதல் 3.5, இரும்பு 2 முதல் 6. மீதி பெரும்பாலும் நிக்கல். கொதிநிலையை நெருங்கும் உப்புக் கரைசலில் போட்டாலும் இது அசையாமல் கிடக்கும். காரணம் உள்ளே இருக்கும் கலவை மட்டுமல்ல. மேலே தானாகவே உருவாகும் இரண்டு, மூன்று நானோமீட்டர் ஆக்சைடு படலம்தான் உலோகத்தையும் கரைசலையும் பிரித்து வைக்கிறது. அந்தப் படலத்தின் நேர்மின் அயனிகளில் பாதிக்கு மேல் குரோமியமாக இருப்பது சாதாரணம். அடியில் இருக்கும் கலவையோடு அந்தக் கணக்கு ஒத்துப்போகாது.

இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டால், அமெரிக்காவின் யக்கா மலைத் திட்டத்தைப் பார்க்கலாம். நெவாடாவில் அணுக்கழிவைப் புதைக்க வடிவமைத்த கொள்கலன்களின் வெளிச்சுவர் அலாய் 22, தடிமன் ஏறத்தாழ 20 மிமீ. 2008-ல் உரிம விண்ணப்பம் போனது. பின்னர் அரசியல் காரணங்களால் திட்டம் நின்றது. அங்கே பேசப்பட்ட காலம் பத்தாயிரம் ஆண்டு, பிறகு பத்து லட்சம் ஆண்டு. பாஸிவ் நிலையில், அதாவது படலம் உலோகத்தைக் காக்கும் நிலையில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 நானோஆம்பியர் மின்னோட்டம் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 0.01 மைக்ரான் உலோகம் கரையும். பத்தாயிரம் ஆண்டில் அது 0.1 மிமீ, பத்து லட்சம் ஆண்டில் 10 மிமீ, அதாவது பாதிச் சுவர். மின்னோட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் கதை வேறு. அந்தப் பத்து மடங்கை முடிவு செய்வது படலத்தின் கட்டமைப்பு. அதனால்தான் அந்தப் படலத்தை அணு அணுவாகப் பிரித்துப் பார்க்க இத்தனை பேர் உட்கார்ந்தார்கள்.

பார்க்கும் கருவிகளில் முதலிடம் எக்ஸ்பிஎஸ். எக்ஸ்ரே பட்டதும் வெளியேறும் எலக்ட்ரானின் ஆற்றலை அளந்து, அது எந்தத் தனிமத்திலிருந்து, எந்த ஆக்சிஜனேற்ற நிலையிலிருந்து வந்தது என்று சொல்லும் முறை. இதை வளர்த்தெடுத்த காய் சீக்பானுக்கு 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. கருவி நல்ல கருவி. தவறான முடிவுகளில் பெரும்பாலானவை கருவிக்குள் பிறப்பதில்லை. மாதிரி உள்ளே போவதற்கு முன்பும், நிறமாலை கணினித் திரைக்கு வந்த பின்பும்தான் பிறக்கின்றன. அந்த இரண்டு இடங்களிலும் இந்தப் பதிவு கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும்.

பாலிஷில் தொடங்கும் பொய்

ஆலையிலிருந்து வந்த தகட்டை அப்படியே அளக்காதீர்கள். சூட்டில் பதப்படுத்தியதாலோ வெல்டிங்கினாலோ உண்டான ஆக்சைடு மேலே இருக்கும், நிறமே காட்டிக்கொடுக்கும். அது நாம் தேடும் படலம் அல்ல. அதற்கு அடியில் குரோமியம் குறைந்த ஒரு பட்டையும் இருக்கலாம். அதையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும்.

ஈர எமரி தாளில் 320, 600, 1200 என்று ஏறி, பிறகு 3 மைக்ரான், 1 மைக்ரான் டைமண்ட் பேஸ்ட். ஒவ்வொரு தாளுக்கும் நடுவே கூப்பனை (சோதனைக்கு வெட்டிய சிறு துண்டை) தொண்ணூறு டிகிரி திருப்பி, முந்தைய கீறல் மறையும் வரை தேய்க்க வேண்டும். 600-ஓடு நிறுத்தினால் மின்வேதியியல் சோதனைக்குப் போதும். எக்ஸ்பிஎஸ்ஸில் கோணத்தை மாற்றி ஆழம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் போதாது. கீறலின் மேடும் பள்ளமும் படலத்தைவிட நூறு மடங்கு உயரம். சாய்ந்த கோணத்தில் மேடு பள்ளத்தை மறைக்கும்போது கோணம் என்ற சொல்லுக்கே பொருளில்லாமல் போகிறது.

கடைசிப் பளபளப்புக்கு அலுமினாவை எடுப்பது பலரின் பழக்கம். நிக்கல் கலவையில் அது வேண்டாம். எக்ஸ்பிஎஸ் நிறமாலையில் அலுமினியத்தின் 2பி முகடு (2பி, 3எஸ் என்பவை எலக்ட்ரான் கிளம்பிய ஓட்டின் பெயர்) 74 எலக்ட்ரான் வோல்ட் (இனி ஈவி) அருகே வருகிறது. நிக்கலின் 3பி முகடும் அதன் வாலும் அதே பக்கம்தான். அலுமினியத்தின் 2எஸ் முகடுக்குப் பக்கத்தில் நிக்கல் 3எஸ் நிற்கிறது. ஆக, அலுமினா துகள் மேற்பரப்பில் ஒட்டியிருந்தாலும் நிறமாலையில் கண்ணில் படாது. ஆனால் அதன் ஆக்சிஜன் உங்கள் ஆக்சிஜன் கணக்கில் சேர்ந்துவிடும். கூழ்ம சிலிக்காவும் ஒட்டும், ஆனால் 103 ஈவி அருகே சிலிக்கானின் 2பி முகடாகத் தெளிவாகத் தெரியும். தெரியும் அழுக்கு தெரியாத அழுக்கைவிட எவ்வளவோ மேல். சிலிக்காவின் ஆக்சிஜன் 533 ஈவி அருகே, அதாவது ஒட்டிய தண்ணீரின் இடத்தில் வருவதை மட்டும் நினைவில் வையுங்கள். நிறையத் தண்ணீர் உள்ள படலம் என்று எழுதும் முன் சிலிக்கானைத் தேடிப் பாருங்கள்.

பிறகு அசிட்டோன், எத்தனால், 18.2 மெகா ஓம் தூய தண்ணீர் என்று அல்ட்ராசோனிக் தொட்டியில் தலா ஐந்து நிமிடம். ரெசினில் பதித்த கூப்பனை அப்படியே உயர் வெற்றிடத்தில் வைக்க முடியாது; ரெசின் வாயு விடும். ரெசினிலிருந்து எளிதாகக் கழற்றும் அளவில் வெட்டி வைப்பது நல்லது.

கலத்தில் படலம் வளர்ப்பது

அடுத்தது, மின்வேதியியல் கலத்தில் மின்னழுத்தம் கொடுத்துப் படலத்தை வளர்ப்பது. கரைசலாக 5 மோலார் உப்பும் (சோடியம் குளோரைடு), 75 முதல் 90 டிகிரி செல்சியஸ் வெப்பமும் எடுத்துக்கொள்ளலாம். ஆர்கானை ஒரு மணி நேரம் ஊதி ஆக்சிஜனை வெளியேற்றிய பிறகுதான் மாதிரி உள்ளே போக வேண்டும். வெள்ளி/வெள்ளி குளோரைடு குறிப்பு மின்முனையைச் சூடான கரைசலில் நேராக நிறுத்தாமல் உப்புப் பாலத்தின் மறுமுனையில் குளிர்ந்த இடத்தில் வைக்கவும். இல்லையெனில் வெப்பத்தால் அதன் மின்னழுத்தமே நகரும்.

முதலில் எதிர்மின் பக்கம், சுமார் −1.0 வோல்ட்டில், பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் பிடித்து, காற்றில் உண்டான ஆக்சைடைக் குறைப்பது வழக்கம். இதைப் படலத்தை நீக்குவது என்று எழுதுவது தவறு. நிக்கல் ஆக்சைடு குறையும். குரோமியம் ஆக்சைடு நீரில் அவ்வளவு எளிதாக உலோகமாகாது. வெறும் உலோகத்திலிருந்து தொடங்கவில்லை, மெலிந்த ஒரு குரோமியம் அடுக்கிலிருந்துதான் தொடங்குகிறோம். எல்லா மாதிரிக்கும் ஒரே நேரம், ஒரே மின்னழுத்தம் என்று இருந்தால் ஒப்பிடலாம். அதற்கு மேல் எதுவும் கோர முடியாது. நேரத்தை அளவுக்கு மீறி நீட்டினால் ஹைட்ரஜன் வெளியேறி மேற்பரப்பில் பிஎச் ஏறும்; அதுவும் புதிதாக ஏதாவது படிய வைக்கும்.

பிறகு தேர்ந்தெடுத்த மின்னழுத்தத்தில் 24 மணி நேரமாவது பிடிக்க வேண்டும். மின்னோட்டம் தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருக்கும். நேரத்தையும் மின்னோட்டத்தையும் மடக்கை அளவில் வரைந்தால் ஏறத்தாழ நேர்கோடு, சரிவு −1-க்கு அருகில். ஒரு மணி நேரப் படலத்தையும் மூன்று நாள் படலத்தையும் ஒரே அட்டவணையில் போட்டு மின்னழுத்தத்தின் விளைவு என்று பேசும் அட்டவணைகளை நான் நம்புவதில்லை. மின்னோட்டம் திடீரென்று தலை தூக்கினால் வேறு ஏதோ நடந்திருக்கிறது; பெரும்பாலும் கேஸ்கட் அடியில் இடுக்கு அரிமானம். சூடான, செறிந்த குளோரைடில் இந்தக் கலவையும் இடுக்கில் தோற்கும். அந்த மாதிரியைப் படலத்துக்காக அளப்பதில் பயனில்லை. கேஸ்கட் இடுக்கைக் கழுவும் வசதியுள்ள அவெஸ்டா வகைக் கலம் இங்கே உதவும்.

இப்போது சரியாக எதைத் தேடுகிறோம்? இந்தக் கலவையில் திரும்பத் திரும்பக் காணப்படும் சித்திரம் இது: உலோகத்தை ஒட்டி குரோமியம்(3) (அடைப்பில் உள்ள எண் ஆக்சிஜனேற்ற நிலை) ஆக்சைடு அடர்ந்த உள் அடுக்கு, அதுதான் தடுப்பு. வெளியே நிக்கலும் குரோமியமும் ஹைட்ராக்சைடாக. மாலிப்டினமும் டங்ஸ்டனும் வெளிப்பகுதியில். மின்னழுத்தம் ஏற ஏற, சுமார் 0.3 வோல்ட்டைத் தாண்டிய பிறகு, உள் அடுக்கின் குரோமியம்(3) குரோமியம்(6) ஆகிக் கரையத் தொடங்குகிறது. அதே வேளையில் மாலிப்டினம்(6)-ம் டங்ஸ்டன்(6)-ம் வெளியில் குவிகின்றன. படலம் தடிக்கிறது. தடித்த படலம் என்றால் நல்ல படலம் என்று பொருளில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

எடுத்து, அலசி, உள்ளே வைப்பது

மின்னழுத்தத்தை நிறுத்திவிட்டு மாதிரியை எடுத்தால், கரைசலில் இருக்கும் அந்தச் சில நொடிகளில் படலம் தன் இயல்பு மின்னழுத்தத்தை நோக்கி இறங்கும். உயர் மின்னழுத்தத்தில் உண்டான குரோமியம்(6) ஓரளவு திரும்பிவிடும். மின்னழுத்தம் இருக்கும்போதே தூக்க வேண்டும். கரைசலை விட்டு வெளியே வந்ததும் தானாகவே சுற்று முறியும்.

அலசுவதில் இரண்டு பக்கமும் ஆபத்து. 5 மோலார் உப்பை அலசாமல் உலர்த்தினால் படிகம் நிற்கும். படலத்துக்குள் குளோரைடு நுழைந்ததா என்பதைத்தான் நாம் தேடுகிறோம். மேலே உப்பு இருந்தால் அந்தக் கேள்வியே செத்தது. சோடியத்தையும் குளோரினையும் அளந்து பாருங்கள். இரண்டும் அணு எண்ணிக்கையில் ஏறத்தாழ சமமாக வந்தால் அது உப்பு. சோடியம் இல்லாமல் குளோரின் மட்டும் இருந்தால்தான் பேசலாம். மறுபக்கம், நிமிடக் கணக்கில் அலசினால் மாலிப்டினம்(6) கரைந்து போகும். அதன் ஆக்சைடு நீரில் கரையக்கூடியது. ஆக்சிஜன் நீக்கிய தூய நீரில் பத்து, பதினைந்து நொடி, பிறகு ஆர்கான் ஊதி உலர்த்தல் என்பது ஒரு நடுவழி. எத்தனை நொடி என்பதைக் குறித்து வைத்து எல்லா மாதிரிக்கும் அதையே செய்தால் போதும்.

குறைந்த மின்னழுத்தத்தில் வளர்த்த மெல்லிய படலத்துக்குக் காற்று பெரிய எதிரி. நிமிடங்களில் புதிய ஆக்சைடு சேர்ந்துவிடும். ஆக்சிஜன் 1 பிபிஎம்-க்குக் கீழே உள்ள கையுறைப் பெட்டியில் அலசி, மூடிய கடத்திப் பாத்திரத்தில் கருவிக்குக் கொண்டுபோவதுதான் முறை. உயர் மின்னழுத்தப் படலம் காற்றில் அதிகம் மாறாது. அதற்காக ஒரு தொடரில் சிலதைக் காற்றிலும் சிலதைப் பெட்டியிலும் கொண்டு போகலாம் என்றில்லை.

வெற்றிடமும் படலத்தை மாற்றும். ஒட்டிய தண்ணீர் போகும், ஹைட்ராக்சைடு ஓரளவு ஆக்சைடாகும். இதைத் தடுக்க முடியாது. அறிக்கையில் ஹைட்ராக்சைடின் விகிதத்தை இரண்டு தசம இலக்கத்துக்குச் சொல்லாமல் இருக்கலாம்.

கருவியில்

ஒற்றை அலைநீளமாக்கிய அலுமினியம் கே ஆல்ஃபா எக்ஸ்ரே, 1486.6 ஈவி. முதலில் முழு நிறமாலை, பாஸ் எனர்ஜி (பகுப்பான் எலக்ட்ரானைக் கடக்க விடும் ஆற்றல்; குறைத்தால் முகடு கூர்மையாகும்) 160 ஈவி. அழுக்கு என்ன இருக்கிறது என்று இங்கேயே தெரிந்துவிடும்: நைட்ரஜன், சிலிக்கான், சோடியம், கந்தகம். பிறகு ஒவ்வொரு முகட்டையும் பாஸ் எனர்ஜி 20-இல். எக்ஸ்ரேயே குரோமியம்(6)-ஐ குரோமியம்(3) ஆக்கும் என்பதால் குரோமியத்தை முதலில் அளந்து, எல்லாம் முடிந்த பிறகு மறுபடியும் ஒருமுறை அளக்கவும். இரண்டும் ஒன்றாக விழுந்தால் நிம்மதி. விழாவிட்டால் முதல் அளவீட்டைத்தான் எடுக்க வேண்டும், அதையும் எச்சரிக்கையோடு.

ஆற்றல் அளவுகோலைத் தங்கத்தின் 4எஃப் 84.0, வெள்ளியின் 3டி 368.2, செம்பின் 2பி 932.6 ஆகியவற்றில் சரிபார்த்திருக்க வேண்டும். மாதிரியில் கார்பன் முகட்டை 284.8-க்கு இழுத்து எல்லாவற்றையும் நகர்த்துவது பழைய பழக்கம். படலம் இரண்டு நானோமீட்டர், அடியில் உலோகம், மாதிரி தரையோடு இணைந்திருக்கிறது. மின்னேற்றம் ஏற்பட இடமே இல்லை. அடியில் தெரியும் நிக்கல் உலோகத்தின் 852.6 ஈவி முகடுதான் நம்பத் தகுந்த அடையாளம். அது சரியான இடத்தில் இருந்தால் கார்பனை எங்கேயும் இழுக்க வேண்டாம்.

முகடுகளைப் பிரிப்பது, அல்லது எல்லாம் கெட்டுப்போகும் இடம்

நிக்கலிலிருந்து தொடங்கலாம். உலோக நிக்கலின் 2பி முகடு 852.6-ல் இருக்கிறது. அதற்குச் சுமார் 6 ஈவி மேலே உலோகத்துக்கே உரிய ஒரு துணை முகடு வரும். நிக்கல் ஹைட்ராக்சைடின் முகடு 855.6 பக்கம், அதன் துணை முகடு 861 பக்கம். உலோகத்தின் துணை முகடு இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் 854-லிருந்து 862 வரை உள்ள பரப்பு முழுவதையும் நிக்கல் ஆக்சைடு என்று எழுதினால், நிக்கலே இல்லாத படலத்தில்கூட நிக்கல் கிடைக்கும். வழி எளிது: அதே கலவையை ஆர்கானால் சுத்தமாகச் செதுக்கி, அந்த நிறமாலையின் வடிவத்தை அச்சு போல வைத்து, உலோகப் பங்கை அந்த வடிவத்தாலேயே பொருத்த வேண்டும். மிச்சம் இருப்பதுதான் படலத்தின் நிக்கல். மிச்சம் சிறியதாக இருப்பதைப் பார்த்துப் பலர் அதிர்ச்சியடைவார்கள்.

குரோமியத்தில் வேறு கண்ணி. உலோகம் 574.2-ல் சமச்சீரற்ற ஒரு முகடு. ஆக்சைடு ஒற்றை முகடு அல்ல, 575.7-லிருந்து 579 வரை ஐந்து கூறுகளாகப் பிளந்து வரும் மல்டிப்ளெட். ஹைட்ராக்சைடு 577.3 அருகே ஒரே அகன்ற முகடு. இந்த ஐந்து கூறுகளின் இடைவெளியையும் விகிதத்தையும் பீஸிங்கரும் உடன் ஆய்வாளர்களும் கனடாவின் லண்டன் நகரில் உள்ள சர்ஃபேஸ் சயின்ஸ் வெஸ்டர்ன் ஆய்வகத்திலிருந்து 2011-ல் தந்தார்கள். இன்று பெரும்பாலோர் அதையே பயன்படுத்துகிறார்கள். ஆக்சைடை ஒரே அழகான காஸியன் (மணி வடிவ) வளைவால் பொருத்தினால் 579 பக்கம் ஒரு மிச்சம் நிற்கும். குரோமியம்(6) வருவதும் 579 முதல் 580 வரை! அந்த மிச்சத்துக்குக் குரோமியம்(6) என்று பெயர் சூட்டி, அதன் மேல் ஒரு முழு விளக்கத்தைக் கட்டிய கட்டுரைகள் உண்டு. மல்டிப்ளெட்டை முதலில் பூட்டி வைத்துவிட்டு, அதன் பிறகும் மிச்சம் இருந்தால் மட்டுமே குரோமியம்(6) என்று வாயைத் திறக்கலாம்.

மாலிப்டினத்தின் 3டி இரட்டை முகட்டுக்கு இடைவெளி 3.13 ஈவி, பரப்பு விகிதம் 3:2. இரண்டையும் பூட்டுங்கள். உலோகம் 228.0, மாலிப்டினம்(4) 229.3 பக்கம், மாலிப்டினம்(6) 232.5 பக்கம். இதில் (4)-ன் இரண்டாவது முகடு 232.4-ல் விழுகிறது, அதாவது (6)-ன் முதல் முகட்டின் மேலேயே. 232.5-ல் மேடு இருப்பதைக் காட்டி மாலிப்டினம்(6) என்று சொல்ல முடியாது. 235.6-ல் தனியாக நிற்கும் முகடுதான் சாட்சி. கரைசலில் சல்ஃபேட் இருந்தால் கந்தகத்தின் 2எஸ் முகடும் இந்தப் பக்கம் நுழையும், 168.5-ல் கந்தகம் தெரிகிறதா என்று பார்த்துக் கழிக்க வேண்டும்.

டங்ஸ்டன் குறைவு, தொல்லை அதிகம். உலோகம் 31.4, ஆறாம் நிலை 35.8 பக்கம், ஆனால் மாலிப்டினத்தின் 4பி முகடு அதே இடத்தில் அகலமாகப் படுத்திருக்கிறது. உள்ளதைவிட இரட்டிப்பு டங்ஸ்டன் கிடைப்பது இப்படித்தான்.

இரும்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அலுமினியம் எக்ஸ்ரேயில் நிக்கலின் ஆஜர் முகடுகளில் (எந்த எக்ஸ்ரே பட்டாலும் ஒரே வேகத்தில் வெளியேறும் எலக்ட்ரான்களின் முகடுகளில்) ஒன்று 712 ஈவி அருகே விழுகிறது. இரும்பு ஆக்சைடின் 2பி முகடும் அங்கேதான். இன்னொன்று 640 அருகே, மாங்கனீஸின் தலையில். நிக்கல் கலவையில் 'படலத்தில் இரும்பு(3) செறிந்திருக்கிறது' என்ற வரியைப் பார்த்தால் எந்த எக்ஸ்ரே மூலம் என்று முதலில் தேடுங்கள். மெக்னீசியம் மூலத்துக்கு (1253.6 ஈவி) மாற்றினால் ஆஜர் முகடுகள் எல்லாம் 233 ஈவி நகர்ந்துவிடும், இரும்பு தனியாக நிற்கும். அந்த மூலம் இல்லையென்றால் இரும்பின் 3பி முகட்டைப் பார்க்கலாம். சன்னமானது, ஆனால் பொய் சொல்லாது.

தடிமன் கணக்கு

ஆக்சைடின் குரோமியத்துக்கும் அடியில் உள்ள உலோகக் குரோமியத்துக்கும் உள்ள பரப்பு விகிதத்தை வைத்துத் தடிமனைக் கணக்கிடும் மடக்கைச் சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு பெருக்கெண் இருக்கிறது: உலோகத்தில் ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை குரோமியம், ஆக்சைடில் எத்தனை. தூய குரோமியத்துக்கான அட்டவணை எண்ணை இங்கே போட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். எலக்ட்ரானின் தப்பிக்கும் நீளம் ஆக்சைடில் 1.8 நானோமீட்டர், உலோகத்தில் 1.45 என்று வைத்துக்கொள்வோம். எலக்ட்ரான்களை மேற்பரப்புக்குச் செங்குத்தாக எடுக்கிறோம். ஆக்சைடு, உலோகப் பரப்பு விகிதம் 3. குரோமியம்(3) ஆக்சைடின் அடர்த்தி 5.22; அதில் கன சென்டிமீட்டருக்கு 0.069 மோல் குரோமியம். தூய குரோமியம் உலோகத்தில் 0.138 மோல். கணக்கிட்டால் தடிமன் 3.2 நானோமீட்டர். ஆனால் அலாய் 22-ல் (அடர்த்தி 8.69, குரோமியம் 22 விழுக்காடு) இருப்பது 0.037 மோல்தான். அதைப் போட்டால் 1.5 நானோமீட்டர். ஒரே நிறமாலை, ஒரே சூத்திரம், இரண்டு மடங்கு வித்தியாசம். இதிலும் ஒரு நுணுக்கம் பாக்கி: படலத்துக்கு நேர் அடியில் உள்ள உலோகத்தில் குரோமியம் குறைந்து நிக்கல் கூடியிருக்கலாம், அப்போது 0.037-ம் அதிகம்தான்.

செதுக்கிப் பார்ப்பது

ஆர்கான் அயனியால் மெல்ல மெல்லச் செதுக்கி ஆழத்தைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. 500 ஈவி அயனியில்கூட இந்தப் படலம் சீக்கிரம் முடிந்துவிடும். ஐந்து நொடிச் சுற்றுகளாகப் போகவில்லை என்றால் இரண்டு புள்ளியில் உலோகத்துக்கு வந்துவிடுவீர்கள். வேகத்தைத் தடிமன் தெரிந்த டேண்டலம் ஆக்சைடு தகட்டில் அளந்து, 'டேண்டலம் ஆக்சைடு சமானம்' என்று சொல்லியே ஆழத்தை எழுத வேண்டும். குரோமியம் ஆக்சைடு அதே வேகத்தில் போகாது.

இதைவிடப் பெரிய சிக்கல், அயனி படலத்தை மாற்றிவிடுவது. ஆக்சிஜன் முதலில் பறக்கும். நிக்கல் ஆக்சைடு உலோக நிக்கலாகும். மாலிப்டினம்(6) படிப்படியாகக் கீழிறங்கும். ஹைட்ராக்சைடு ஆக்சைடாகும். குரோமியம்(3) ஆக்சைடு மட்டும் ஓரளவு தாக்குப் பிடிக்கும். ஆக, செதுக்கிய பிறகு 'உள்ளே போகப் போக மாலிப்டினம்(4), உலோக நிக்கல், குரோமியம் ஆக்சைடு' என்ற அழகான அடுக்குச் சித்திரம் கட்டாயம் வரும், மாதிரியில் அப்படி இருந்தாலும் இல்லாவிட்டாலும். தனிமங்களின் அளவுக்குச் செதுக்கலை நம்பலாம். ஆக்சிஜனேற்ற நிலைக்கு நம்பக்கூடாது. நிலை வேண்டுமென்றால் செதுக்காமல் கோணத்தை மாற்றி அளக்க வேண்டும். மேலே ஒட்டிய கார்பனை மட்டும் நீக்க, ஆயிரக்கணக்கான ஆர்கான் அணுக்கள் கொண்ட கொத்து அயனி உதவும். அதுகூட முற்றிலும் தீங்கில்லாதது அல்ல.

ஆழத்துக்கு இன்னொரு துணை டாஃப்-சிம்ஸ்: அயனிக் கற்றை மோதி மேற்பரப்பிலிருந்து தெறிக்கும் அயனிகளை, அவை பறக்கும் நேரத்தை வைத்து நிறை வாரியாகப் பிரிக்கும் முறை. சீசியம் 1 கேஈவி-யில் செதுக்கி, பிஸ்மத் 25 கேஈவி-யில் அளந்து, எதிர்மின் அயனிகளைச் சேகரிப்பது வழக்கம். சிறு தடயங்களுக்கு இதற்கு நிகரில்லை. குளோரைடு எந்த அடுக்கில் நிற்கிறது என்பதை இதுதான் நேரடியாகக் காட்டும். ஆனால் இங்கே உயரமான கோடு என்றால் அதிக அளவு என்று பொருளில்லை. ஆக்சைடுக்குள்ளும் உலோகத்துக்குள்ளும் அயனியாகும் வாய்ப்பே வேறு. ஒரே அயனியை மாதிரிக்கு மாதிரி ஒப்பிடலாம். ஒரே மாதிரியில் குரோமியத்தையும் மாலிப்டினத்தையும் ஒப்பிட முடியாது.

படலம் வளர்வது உள்நோக்கியா வெளிநோக்கியா என்ற கேள்விக்கும் இதுவே கருவி. சாதாரண நீரில் படலம் வளர்த்து, பிறகு ஆக்சிஜன்-18 கொண்ட நீரில் தொடர்ந்து வளர்த்தால், புதிய ஆக்சிஜன் எந்த ஆழத்தில் சேர்ந்தது என்று பார்க்கலாம். ஒரு கவனம்: ஆக்சிஜன்-18 அயனியின் நிறை 17.999, நீர் அயனியின் நிறை 18.011. இரண்டையும் பிரிக்க நிறைப் பிரிதிறன் 1600-க்கு மேல் வேண்டும். கருவியில் கற்றையைக் கூர்மையாக்கி இடத்தெளிவு கூட்டும் நிலைக்குப் போனால் இந்தப் பிரிதிறன் போய்விடும், தண்ணீரையே ஐசோடோப்பு என்று எண்ணிக்கொள்ள நேரும்.

மின்மறுப்போடு ஒத்துப்பார்த்தல்

வெற்றிடத்துக்குள் கிடைத்த தடிமனை, மாதிரி இன்னும் கரைசலில் இருக்கும்போதே எடுத்த மின்மறுப்பு நிறமாலையோடு (வெவ்வேறு அதிர்வெண் மாறுமின்னோட்டத்துக்குப் படலம் காட்டும் தடை) சேர்த்துப் பாருங்கள். இதற்குச் செலவு அரை மணி நேரம். குரோமியம் ஆக்சைடின் மின்காப்பு மாறிலி சுமார் 12 என்று கொண்டால், 2 நானோமீட்டர் படலத்தின் கொள்ளளவு சதுர சென்டிமீட்டருக்கு 5.3 மைக்ரோஃபாரட் வர வேண்டும். பொருத்தலில் 20 வந்தால் தடிமன் அரை நானோமீட்டர் என்று ஆகும். அது ஆக்சைடின் ஒரு அணு அடுக்கு அல்லது இரண்டு. அப்படி ஒரு படலம் நானோஆம்பியரில் உலோகத்தைக் காக்காது. அப்போது சந்தேகம் கொள்ள வேண்டியது பெரும்பாலும் பரப்பளவையோ, மாறாக் கட்டக் கூறை (சீரற்ற மின்தேக்கிக்குப் பதிலாகப் பொருத்தலில் வைக்கும் சுற்றுக் கூறை) கொள்ளளவாக மாற்றிய சூத்திரத்தையோதான். கொள்ளளவு 5 மைக்ரோஃபாரட் வந்து, எக்ஸ்பிஎஸ்ஸில் தடிமன் 3.2 நானோமீட்டர் வந்திருந்தால், மேலே சொன்ன குரோமியம் அடர்த்தியை மறுபடி ஒருமுறை பாருங்கள்.